இருக்கீங்களா?

"இருக்கீங்களா?"

எதிர்முனையில் இருப்பவர் ஏதோ நீட்டி முழக்கப் பார்க்கிறார்.

"இருக்கீங்க. அது போதும். வெச்சுடுறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு, கையிலிருந்த அட்டையில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, அடுத்த அட்டையை எடுக்கிறார். மணி ஒன்பது ஐந்து. பொதுமக்களுக்குக் கதவைத் திறக்க இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாக வேண்டும். எடுத்துப் பேசுகிறவர்களுக்குத் தலைக்குப் பதினொரு நொடி என்று பக்கத்து மேசைத் தட்டச்சர் ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார். மிச்ச நேரம் முழுக்க எடுக்காதவர்களுக்குப் போய்விடும்.

வீட்டுவசதி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் இவர். வயது ஐம்பத்து மூன்று. கட்டடம் முழுக்க 'லிஸ்ட் அக்கா' என்றுதான் பெயர். பல் போன கிழவர்கூட அக்கா என்றே கூப்பிடுகிறார். இவரும் தட்டாமல் "சொல்லுங்க தம்பி" என்கிறார். பட்டியலில் இன்றைய தேதிக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு குடும்பங்கள். ஆண்டுக்கு இருநூற்று நாற்பத்தைந்து வேலைநாள். நாளுக்குப் பன்னிரண்டு என்று பெருக்கிப் பார்த்தால், அரசாங்க வீட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குரல் கூப்பிட்டு, இன்னும் இருக்கிறாயா என்று கேட்டுவிடுகிறது. இப்படிச் செய்யச் சொல்லி எந்த ஆணையும் கிடையாது. விதிப்படி ஒரு கடிதம் போட்டால் போதும். பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடலாம்.

என்னையும் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், அவ்வப்போது பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன், அவர் பட்டியலில் அறுநூற்றுப் பதினொன்றாம் எண். இந்த அலுவலகத்தின் மந்தத்தைப் பற்றிக் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதிவிடுவது என்று குறிப்பேட்டோடு வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கம்பித் தடுப்பு வழியாக இந்த "இருக்கீங்களா"வைக் கேட்டுக் குழம்பிப் போய்த் திரும்பியவன். அப்புறம் பெஞ்சு பழகிவிட்டது.

மேசைமேல் கணினி இருக்கிறது. அதில் பெயர், தேதி, குடும்பத்தில் எத்தனை பேர், முகவரி என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. ஆனால் இவர் நம்புவது காலுக்கடியில் வைத்திருக்கும் செருப்பு டப்பாக்களை. ஏழு டப்பா. உள்ளே ஆளுக்கொரு அட்டை. 'காவல் வேலை. பகலில் தூங்குவார். நாலு மணிக்குமேல் கூப்பிடு.' 'போனை மகள் எடுப்பாள். அப்பாவிடம் சொல்ல மாட்டாள்.' 'காது கேட்காது. கீழ்வீட்டுத் தையற்காரரிடம் சொல்லு.' கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். அவர் விடுப்பில் போனால் அந்தப் பிரிவே படுத்துவிடும், ஏனென்றால் அதை வாசிக்க வேறு ஆள் கிடையாது. யாரையும் தொடவும் விடமாட்டார். இது குறைதான், சொல்லியும் பார்த்தாயிற்று. என் அட்டையை ஒருநாள் தலைகீழாக வாசித்துவிட்டேன். 'எழுதுகிறவர். எடுத்ததும் பேச ஆரம்பிப்பார். நாம் முந்திக்கொள்ள வேண்டும்.'

அட்டையின் கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'பெரிய சாமான்.' அதற்கு நேரே, அந்தக் குடும்பத்திடம் இருப்பதிலேயே தூக்கக் கடினமான பொருள் எழுதியிருக்கும். இரும்புக் கட்டில், ஒரு கால் மரம். தையல் மிஷின், சக்கரம் இல்லை. ஆளுயர மீன்தொட்டி, மீன் கிடையாது. எனக்கு நேரே புத்தக அலமாரி. வீட்டைப் பார்த்துச் சரிபார்க்க வரும்போதே எல்லோரும் கூரை ஒழுகுவதையும் சுவர் விரிந்ததையும் காட்டிக்கொண்டிருக்க, இவர் கண் மட்டும் எந்தச் சாமான் வாசலில் குறுக்கே நிற்கும் என்று தேடும். அதிகாரி கேலி செய்வார். "கம்ப்யூட்டர்ல பீரோவுக்கெல்லாம் கட்டம் கிடையாதும்மா" என்பார். "அதனாலதான் சார் டப்பா" என்று இவர் சொல்வார்.

இந்தப் பழக்கம் ஒரு தப்பிலிருந்து வந்தது. அதை அவரே சொன்னார், ஒளிக்கவில்லை.

படியேற முடியாதவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கென்று தரைத்தள வரிசை என்று தனியாக ஒன்று உண்டு. மஞ்சள் அட்டை. சின்ன வரிசை, நாற்பது குடும்பம்தான். ஆனால் ஆண்டுக்கு மூன்று வீடு காலியானால் பெரிய விஷயம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் முதல் ஆளாக ஓர் அம்மா இருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. மடிப்பம்மா என்று அங்கே கூப்பிடுவார்கள். வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே சுகமில்லை. ஏழு ஆண்டு காத்திருந்து முதலிடத்துக்கு வந்திருந்தார். கேட்க வந்தவரிடம் லிஸ்ட் அக்கா, அன்றைக்கு இளகிய மனசோடு, "சீக்கிரம் கிடைச்சிடும்மா, இந்த மாசத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டார். மடிப்பம்மா அந்த வார்த்தையை நம்பி, புது வீட்டில் வைக்க ஒரு பச்சை பீரோ வாங்கிவிட்டார். இரட்டைக் கதவு, ஆனை கனம்.

அதற்குள் அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று தெரு தள்ளி ஓர் அறைக்குப் போனார்கள். வீடு ஒதுக்கிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. பத்து வேலைநாள் கழிந்ததும் லிஸ்ட் அக்கா விதிப்படி பெயரை அடித்தார். வீடு அடுத்த எண்ணுக்குப் போயிற்று. நாலாம் நாள் மடிப்பம்மா வந்து கவுண்டரில் நின்றார்.

"வீடு இல்லாதவளுக்கு வீட்டு அட்ரஸ்ல கடுதாசி போட்டிருக்கீங்க. அது எப்படிம்மா வந்து சேரும்? என்னைத் தெரியலைன்னா என் பீரோவைக் கேட்டிருக்கலாமே. அந்தத் தெருவே சொல்லியிருக்கும். அதைத் தூக்காத ஆளில்லை."

அவ்வளவுதான் சொன்னாராம். கத்தவில்லை. லிஸ்ட் அக்கா அவரை வரிசையின் வாலில் மறுபடி சேர்த்தார், வேறு வழியில்லை. அன்றிலிருந்துதான் பன்னிரண்டு அழைப்பு, அன்றிலிருந்துதான் பெரிய சாமான். 'சீக்கிரம்' என்ற சொல்லும் அன்றோடு அவர் வாயிலிருந்து போயிற்று. எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும், "உங்களுக்கு முன்னாடி இத்தனை குடும்பம், வருஷத்துக்கு இத்தனை வீடு வருது, நீங்களே வகுத்துக்குங்க" என்பார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நான் ஒருமுறை சண்டை போட்டேன். "சொன்னா பீரோ வாங்கிடுவாங்க" என்றார். அப்போது எனக்குக் கதை தெரியாது. மூளை குழம்பிய அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றச் சில்லறைப் பழக்கங்கள்: தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பார், ஆறியபின் சூடில்லை என்று குறைப்படுவார். நன்றி சொன்னால் எரிந்து விழுவார். வீடு கிடைத்தவர் கையெழுத்துப் போட்டதும், அவர் கண்முன்னே அட்டையை நாலாகக் கிழித்து, "இனிமே உங்களை எனக்குத் தெரியாது, போயிட்டு வாங்க" என்று சிரிக்காமல் சொல்வார். வாங்கிக்கொள்கிறவர்கள் அதை ஆசீர்வாதம் மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள்.

இன்னொரு வேடிக்கை, அவருடைய தங்கை. தங்கையும் தரைத்தள வரிசையில் இருக்கிறார். பதினான்கு வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் நிற்காது. கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் நாலு நாள் தென்பட்டால் அதிகம். மூன்று ஆண்டுகளாகத் தாயும் மகளும் லிஸ்ட் அக்கா வீட்டில்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை, இரண்டாவது மாடி. தினமும் காலையில் அக்கா கால்மாட்டிலும் தங்கை தலைமாட்டிலும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணை முப்பத்து நாலு படி இறக்கிப் பள்ளி வண்டியில் ஏற்றுகிறார்கள். சொந்தக்காரி என்பதால் தங்கையின் கோப்பை லிஸ்ட் அக்கா முதல் நாளே அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் கூப்பிடுவது மட்டும் இவர்தான். ஆண்டுக்கு ஒருநாள் அந்த மஞ்சள் அட்டை பன்னிரண்டில் ஒன்றாக வரும். காலையில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பி வந்திருப்பார். ஆனாலும் எண்ணைச் சுழற்றி, "இருக்கீங்களா?" என்பார்.

"உன் வீட்லதான்க்கா இருக்கேன். வரும்போது சோப்பு வாங்கிட்டு வா" என்று எதிர்முனை சொல்லும். தட்டச்சருக்குக்கூடக் கேட்கும். இவர் முகம் மாறாமல், "அது போதும், வெச்சுடுறேன்" என்று டிக் போடுவார்.

போன மாதம் ஒரு தரைத்தள வீடு காலியானது. வரிசையில் முதல் எண் மடிப்பம்மா. வாலிலிருந்து தொடங்கிப் பதினோரு ஆண்டில் மறுபடி தலைக்கு வந்திருந்தார். இரண்டாவது எண் தங்கை.

கடிதம் போயிற்று. நாலாம் நாள் திரும்பி வந்தது. உறையில் 'ஆள் இல்லை' என்று அதே இரண்டு சொல். போன் செய்தால், வண்ணம் பூசுகிற ஓர் ஆள் எடுத்து, "இந்த நம்பரை நான் வாங்கி மூணு மாசம் ஆச்சுங்க, அந்த அம்மாவைக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு" என்றார். எட்டு மாதத்துக்கு முன் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று சொன்னவர்தான். அதற்குப் பிறகு சலவைக்கூடத்தை மூடிவிட்டார்கள், ஆட்கள் சிதறிவிட்டார்கள். பழைய வீட்டுச் சொந்தக்காரருக்கு அவர்கள் போனது தெரியும், எங்கே போனார்கள் என்பது தெரியாது.

அதிகாரி கெட்டவரல்ல. ஐந்தாம் நாள் இவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "கடிதம் போட்டாச்சு, போன் பண்ணியாச்சு. நம்ம கடமை முடிஞ்சுது. பத்தாம் நாள் அஞ்சு மணிக்கு ரெண்டாம் நம்பருக்குப் போகட்டும். கையெழுத்துப் போடப்போறது நான். உங்க மேல ஒரு சொல் வராது. இந்த ஒரு தடவை சும்மா இருங்களேன்" என்றார். இவர் "சரிங்க சார்" என்று எழுந்து வந்து, மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் படியிறங்கிப் போனார். இதெல்லாம் தட்டச்சர் எனக்குச் சொன்னது.

எட்டாம் நாள் நான் பெஞ்சில் இருந்தேன். டோக்கன் பதினேழைக் கூப்பிட்டதும் எழுந்து போனவர் அவருடைய தங்கை. மற்றவர்களைப் போல் வரிசையில் டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, கவுண்டருக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானம்.

"தரைத்தள வரிசையில என் நம்பர் ரெண்டு. ஒண்ணாம் நம்பர் வரலைன்னா வீடு யாருக்குங்க?"

"ரெண்டாம் நம்பருக்கு."

"எப்போ தெரியும்?"

"நாளை மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"அவங்களை ஆபீஸே தேடிக் கண்டுபிடிக்கணும்னு சட்டம் இருக்குங்களா?"

"இல்லை."

"அப்போ நீங்க ஏன் தேடுறீங்க?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கை கவுண்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். அதற்குமேல் நிதானம் நிற்கவில்லை.

"அக்கா, நீ எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். யார்கிட்டயும் எனக்காகப் பேச வேண்டாம். சும்மா இரு, அது போதும். அவளைத் தூக்கிட்டு இறங்குறப்போ முப்பத்து நாலு படியும் அவ கண்ணை இறுக்கி மூடிக்கிறாளாம். எதிர்வீட்டம்மா சொல்றாங்க. நான் தோளைப் பிடிக்கிறேன், எனக்கு அவ உச்சந்தலைதான் தெரியும். நீ காலைப் பிடிக்கிறவ. உனக்கு முகம் தெரியும். பார்த்திருக்கியா இல்லையா?"

"பார்த்திருக்கேன்."

"பார்த்துமா தேடுறே?"

"தினமும் பார்க்குறேன்" என்றார் லிஸ்ட் அக்கா. பிறகு, "பதினெட்டு யாருங்க?" என்று கூப்பிட்டார். பதினெட்டு என்னுடையது. தங்கை போய்விட்டார். நான் போய் நின்றபோது அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. மறைப்பானேன். "உங்க தங்கச்சி சொல்றதுல நியாயம் இருக்கேம்மா" என்றேன்.

"இருக்கு. யாரு இல்லைன்னா?" என்றார். "அவளை நான் ஏமாத்தலை. அந்தம்மாவை ஒருதடவை அடிச்சுட்டேன். ஒரே ஆளை ரெண்டு தடவை அடிக்க எனக்குக் கை வரலை." பிறகு, "உங்க ஸ்கூட்டர் ஓடுதா?" என்று கேட்டார்.

அவருடைய கணக்கு இது: யாரும் வீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவதில்லை, ஒரு சாமான் வண்டியைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஊரில் சாமான் வண்டிகள் நிற்கிற இடம் மூன்று. இரண்டைப் பார்த்தாயிற்று. மூன்றாவது காய்கறி மொத்தச் சந்தைக்குப் பின்னால். பேருந்தில் போய்வந்தால் மதிய இடைவேளை போதாது. ஸ்கூட்டர் பழுது என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணின் மூடிய கண்கள் என் மனசில் இருந்தன. ஆனால் இவர் அதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் தட்டச்சரிடம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

சந்தைக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஓட்டுநர்கள் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட் அக்கா பேரையும் சொல்லவில்லை, அடையாளமும் சொல்லவில்லை.

"பச்சை பீரோ. ரெட்டைக் கதவு, கண்ணாடி இல்லை. ஒரு காலுக்குச் செங்கல் வெச்சிருக்கும். நாலஞ்சு மாசத்துக்குள்ள யாராவது ஏத்துனீங்களா?"

சீட்டைக் கையில் விரித்து வைத்திருந்த தடித்த ஆள் ஒருவர் நிமிர்ந்தார். "அந்த பீரோவா? அதை யாரும்மா மறப்பாங்க. படியில திரும்பவே இல்லை. கடைசியில கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்துனோம். என் இடுப்பு இன்னைக்கும் அதைப் பத்திப் பேசுது."

"எங்கே?"

"பழைய தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பேக்கரிக்கு மேல. மூணாவது மாடி. ஒரு ஐயாவையும் நாற்காலியோட தூக்கிட்டுப் போனோம். அவரு பீரோவுக்கு எவ்வளவோ தேவலை."

நடக்க முடியாதவர் மூன்றாவது மாடியில். லிஸ்ட் அக்கா திரும்பி வந்து வண்டியில் ஏறினார். பேக்கரிப் படிகளை ஏறும்போது அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு.

கதவைத் திறந்த அம்மாவின் கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. சலவைக்கூடம் போனபின் வீட்டுக்கே துணி எடுத்துவந்து மடித்துக் கொடுக்கிறார் போலிருக்கிறது. அறைக்கு நடுவில், மிச்ச இடத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு பச்சை பீரோ நின்றது. வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மறுபடியும் அடிச்சுட்டீங்களா?" என்றார்.

"இல்லைம்மா. வீடு வந்திருக்கு. தரைத்தளம். நாளை மறுநாள் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். நாளைக்கே வந்துடுங்க."

மடிப்பம்மா விரிப்பின் முனையோடு முனையைச் சேர்த்து, நாலாக்கி, எட்டாக்கி, தட்டி வைத்தார். "வீடு மாத்துனதை ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார் பிறகு. "எழுதி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். எல்லாம் விட்டுப்போச்சும்மா எனக்கு." உள்ளே திரும்பி, "ஏங்க, கேட்டுச்சா?" என்றார்.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பினார். "கேட்டுச்சு. இந்த பீரோ எறங்குமான்னு கேளு" என்றார்.

லிஸ்ட் அக்கா சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போய் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார். எதற்கெடுத்தாலும் பேசுகிறவன் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறாரே, அந்த நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மடிப்பம்மா வந்து கையெழுத்துப் போட்டார். லிஸ்ட் அக்கா மஞ்சள் அட்டையை நாலாகக் கிழித்தார். "இனிமே உங்களை எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தவர், மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மடிப்பம்மா கிழிந்த துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மடித்து, பணப்பையில் வைத்துக்கொண்டு போனார். பீரோவை அதே தடித்த ஓட்டுநர் அதே ஜன்னல் வழியாக இறக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தங்கை கேட்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். தினமும் காலையில் இருவரும் அந்தப் பெண்ணை முப்பத்து நாலு படி இறக்குகிறார்கள். அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் இருவரோடும் பேசுகிறாள். முன்பெல்லாம் மதியத்துக்கு இரண்டு பேருக்கும் சோறு கட்டுவது தங்கை. இப்போது லிஸ்ட் அக்கா டப்பா கொண்டுவருவதில்லை, கீழே கடையில் ரொட்டி வாங்கித் தின்கிறார். தங்கை இப்போது வரிசையில் முதல் எண். அடுத்த தரைத்தள வீடு எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதமும் ஆகலாம், ஒன்றரை ஆண்டும் ஆகலாம். தட்டச்சர் ஆறுதலாக, "சீக்கிரம் கிடைச்சிடும்க்கா" என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நேற்று வியாழக்கிழமை. ஒன்பது மணிக்கே நான் பெஞ்சில் இருந்தேன். அன்றைய பன்னிரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். மேலே இருந்தது மஞ்சள். அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, கட்டின் அடியில் செருகினார். பதினோரு ஆண்டுகளில் அவர் வரிசையை மாற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

பதினொரு பேரைக் கூப்பிட்டு முடித்தபோது பத்து மணிக்கு இரண்டு நிமிடம். தட்டச்சர், "சாயங்காலம் வீட்டுலயே கேட்டுக்கலாமேக்கா" என்றார். காதில் விழாத மாதிரி எண்ணைச் சுழற்றினார்.

மணி அடித்தது. காவலாளி கம்பித் தடுப்பை இழுத்தார். பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் நான்தான் கவுண்டரில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அப்போது அவர், "இருக்கீங்களா?" என்று கேட்டார்.

எதிர்முனையில் சத்தமில்லை. பதினொரு நொடி ஆயிற்று, அதற்குமேலும் ஆயிற்று. என் பின்னால் முப்பது பேர். யாரோ, "அக்கா, பத்து அடிச்சாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். அவர் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டினார். வரிசை நின்றது. வலது கைப் பென்சில் அட்டைக்கு மேல் அப்படியே இருந்தது.

பிறகு எதிர்முனையில் சின்னதாக ஏதோ கேட்டது. பென்சில் இறங்கியது. டிக் போடும் இடத்துக்குப் போகாமல் அட்டையின் ஓரத்துக்குப் போனது. தலைகீழ் எழுத்தை வாசிப்பது என் தொழில், அதுவும் அந்தக் கோழிக் கிளறல் எனக்குப் பழகியது. கையை இன்னும் இறக்காமல், ரிசீவரை இன்னும் வைக்காமல், அவர் மெதுவாக எழுதினார்: சோப்பு.